லாச்சப்பலுக்கு நீ எழுதித் தந்த வழி

நேற்றுக் காலை பஸ் கார்ட்டைத் தேடிக் கைப்பையைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தேன். கார்ட் விழவில்லை. பேக்கரிப் பாண் தூள்தான் கொட்டியது. காய்ந்து, நிறம் மாறி, விரலால் நசித்தால் மாவாகிற தூள். அதோடு நாலாக மடித்த உன் கடுதாசி. பரிஸிலிருந்து நான் திரும்பி ஆறு கிழமை, ஒன்றரை மாதமாகிறது. வந்ததிலிருந்து இந்தப் பையைத் தட்டவேயில்லை. தூளைக் கூட்டிக் குப்பைக்குள் போடக் கை போனது, ஆனால் மனம் வரவில்லை. ஒரு சின்னப் போத்தலுக்குள் போட்டு மூடினேன். மகள் பார்த்துவிட்டு, "அம்மா, ஆர் யூ ஓகே?" என்றாள். அவளுக்கு நான் எதைச் சொல்ல?

எடியே, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். செத்தவளுக்குக் கடிதம் எழுதுகிற விசரி என்று நீ சிரிப்பாய். சிரி. பத்து மாதமாக உன் சிரிப்புச் சத்தம் இல்லாமல் இந்தக் கட்டிடம் செவிடுபட்டுப் போய்க் கிடக்கிறது.

உன்னை நான் முதலில் கண்டது இந்தக் கனடாவில், டோர்செட் பார்க்கில், இதே கட்டிடத்தின் நிலக்கீழ் லோன்றி அறையில். இருபத்திரண்டு வருசமாகிவிட்டது. ட்ரையரிலிருந்து நான் எடுத்துப் போட்ட சட்டையை, கேட்காமல் கொள்ளாமல் தூக்கி உள்பக்கம் வெளியே வரப் புரட்டிப் பார்த்தாய். "இதை எங்கை வேண்டினியள்? உங்களைப் பேக்காட்டிப் போட்டாங்கள்," என்றாய். எனக்குச் சுள்ளென்று ஏறியது. நீ விடவில்லை. "உள்பக்கத்தைப் பாருங்கோ. வெளியை எல்லாரும் வடிவாத்தான் தைப்பினம்." அடுத்த தோய்ச்சலில் அந்தச் சட்டை தோள்மூட்டோடு பிரிந்து வந்தது. அன்றைக்கு நானே ஒன்பதாம் மாடிக்கு ஏறி வந்து உன் கதவைத் தட்டினேன். நீங்கள் என்பது நீர் ஆகி, நீர் என்பது நீ ஆக எங்களுக்கு ஏழு வருசம் பிடித்தது. நானோ வாய் ஓயாதவள். நாலாம் மாடியில் என் வீட்டில் நடந்தது எல்லாம், மனுசன் விட்டுப்போட்டுப் போனது முதற்கொண்டு, உனக்குத் தெரியும். நீ எனக்குச் சொன்னதெல்லாம் கடைக்கதை.

கனடாவுக்கு வர முன் எட்டு வருசம் நீ பரிஸில் இருந்தவள். எங்கள் ஆட்களில் பரிஸில் ஒரு மச்சானோ மாமியோ இல்லாத குடும்பம் உண்டா? கலியாணம், சாமத்தியம், அந்தியேட்டி என்று ஒவ்வொரு கோடைக்கும் இந்தக் கட்டிடத்திலிருந்து ஒரு குடும்பமாவது பறக்கும். ரிக்கெற் போட்ட கையோடு ஒன்பதாம் மாடிக்கு ஏறி உன்னிடம் கேட்பார்கள். எங்கே என்ன வேண்டுவது, எதை வேண்டக்கூடாது. நீ கதிரையில் கால்மேல் கால் போட்டு நீதவான் மாதிரி இருந்து சொல்வாய்.

"அந்தப் பெரிய இரும்புக் கோபுரத்தடியிலை ஒரு ஊசி கூட வேண்டாதேங்கோ. கிறீமும் சவுக்காரமும் பச்சைச் சிலுவை போட்ட மருந்துக்கடையிலை வேண்டுங்கோ, அதுதான் மலிவு. ஞாயிறு காலமை சந்தைக்குப் போங்கோ, மத்தியானம் மூடுற நேரம் போனால் பழம் பாதி விலை. திங்கள் சின்னக் கடையள் பூட்டு. வடிவான உடுப்பெண்டால் தை மாசமும் ஆடி மாசமும் மலிவு விற்பனை, அதுவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு கண்ணாடியாலை பாருங்கோ. சேலை, நகை, கருவாடு, முருங்கைக்காய் எல்லாத்துக்கும் லாச்சப்பல், எங்கடை ஆக்களின்ரை கடைத்தெரு. முக்கியம், கடைக்குள்ளை கால் வைக்கேக்கை பொன்ஜூர் எண்டு வணக்கம் சொல்லவேணும். சொல்லாட்டி அவங்களுக்கு நீங்கள் ஆளே இல்லை."

இஞ்சத்தைக் கடைகளில் சனம் வாய் திறக்காமல் மாடு மாதிரி உள்ளுக்கு நுழைகிறதென்று எத்தனை தரம் பேசியிருப்பாய்! பரிஸில் எப்படி இருந்தாய் என்று ஆராவது கேட்டால் ஒரே பதில்தான் வரும். "ராசாத்தி மாதிரி இருந்தனான்." அதற்குமேல் ஒரு சொல் வராது. கேட்டவர்களுக்கு வழியை ஒரு துண்டுக் கடுதாசியில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவாய். அந்தத் துண்டு இல்லாமல் எங்கள் கட்டிடத்தில் ஒருத்தரும் பிளேன் ஏறியதில்லை.

ஒரு விசித்திரம் உன்னிடம் இருந்தது. குப்பை போடப் போனாலும், நிலக்கீழ் அறைக்கு உடுப்புத் தோய்க்க இறங்கினாலும், கனடாப் பாஸ்போட் உன் சட்டைக்குள் இருக்கும். "வோஷிங் மெசின் உன்னட்டை விசா கேக்குமோடி?" என்று நான் பகிடி பண்ணாத கிழமையில்லை. நீ சிரிப்பாய், ஆனால் பாஸ்போட்டை வெளியே எடுத்து வைக்க மாட்டாய்.

சனிக்கிழமைகளில் இருவரும் கென்னடி ரோட்டில் கடைகடையாக ஏறி இறங்குவோம். உன் நடை ரெயில் நடை. எனக்கு இடது முழங்கால் அப்போதே சரியில்லை. மரக்கறிக் கடைக்கும் மீன்கடைக்கும் நடுவில் இருக்கிற பஸ் தரிப்பு மர வாங்கைக் கண்டால், "அஞ்சு நிமிசம் இருப்பமடி," என்று கெஞ்சுவேன். நான் வாங்கில் குந்தியிருப்பேன். நீ ஒருநாளும் இருந்ததில்லை. பைகளைக் காலடியில் வைத்துக் காவல்காரி மாதிரி நிற்பாய். றோட்டின் இரண்டு பக்கமும் உன் கண் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு, "அஞ்சு நிமிசம் காணும், எழும்பு," என்பாய். இருபத்திரண்டு வருசமும் இதே கதைதான்.

இனி அந்தப் புரட்டாதி ஞாயிறைச் சொல்லவேண்டும். சொல்லாமல் தப்பலாம் என்று இவ்வளவும் எழுதிப் பார்த்தேன், முடியவில்லை.

மகளுக்குப் பரிஸ் மாப்பிள்ளை சரிவந்த கிழமை. கூறைச் சேலை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. என்றாலும் பெண்ணின் தாயும் பக்கத்தில் நின்று தெரிவு செய்வதுதானே மரியாதை. சம்மந்தியம்மா போன் பண்ணி, வைகாசியில் வாங்கோ, லாச்சப்பலில் சேர்ந்து எடுப்போம் என்றார். எனக்குப் பட்டைப் பற்றி என்ன தெரியும்? அன்று பின்னேரம் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு உன்னிடம் சொன்னேன்.

"நீயும் வா. ரிக்கெற் நான் போடுறன். உன்ரை கண் பட்டால்தான் அது நல்ல கூறை."

"நான் வரேல்லை."

"ஏன்?"

"எனக்கு அங்கை வேண்டுறதுக்கு ஒண்டுமில்லை."

"உனக்கு வேண்டச் சொல்லி ஆர் கேட்டது? என்ரை பிள்ளைக்கு வேண்ட வா எண்டுதானே கேக்கிறன்."

"வழி எழுதித் தாறன். நீ போட்டு வா."

கெஞ்சினேன். ஏசினேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாய். கட்டிடத்துக்கே கடைவழி சொல்கிறவள், எனக்கென்று வரும்போது கதவைச் சாத்துகிறாளே என்று எனக்குத் தலைக்குள் ஏறிவிட்டது. "பிள்ளை பெத்திருந்தால் உனக்கு விளங்கும்," என்றேன். எழுதும்போது கை கூசுகிறது. சொல்லும்போது கூசவில்லை. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ளலாமோ?

நீ கதிரையை விட்டு எழும்பினாய். பாதி குடித்த தேத்தண்ணியைத் தொட்டிக்குள் ஊற்றி, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாய். என் வீட்டில் நீ கோப்பை கழுவியது அதுதான் முதல் தடவை. பிறத்தியார் வீட்டில் கழுவுகிற மாதிரிக் கழுவினாய்.

மூன்று கிழமை நாங்கள் கதைக்கவில்லை. ஒருநாள் லிஃப்ற் கதவு திறக்க நீ உள்ளே நின்றாய், நான் படியால் ஏறினேன், இந்த முழங்காலோடு. பிறகு ஒரு வியாழக்கிழமை கதவுக்குக் கீழே ஒரு கடுதாசி கிடந்தது. உன் எழுத்து. பரிஸ் வழி. எல்லோருக்கும் கொடுக்கிற அதே துண்டுதான் என்று நினைத்தேன். "சரியடி, கடமையைக் கழிச்சுப்போட்டாய்," என்று வாய்க்குள் சொல்லி அலுமாரிக்குள் போட்டேன். போன் அடிக்கவில்லை. ரோசம். இன்றைக்கில்லை நாளைக்கு, நாளைக்கில்லை சனிக்கிழமை. அந்தச் சனிக்கு அடுத்த சனி விடிய நெஞ்சு நோகுதென்று நீயே அம்புலன்ஸுக்கு அடித்து, நீயே லொபிக்கு இறங்கி, கதவடியில் இருந்திருக்கிறாய். அவர்கள் வரும்போது உன் கையில் பாஸ்போட் இருந்ததாம். ஆஸ்பத்திரி வாசல்வரையும் நீ போகவில்லை.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. உன் செத்தவீட்டில் நான் அழுததைப் பார்த்து, கூடப்பிறந்தவள் மாதிரி அழுகிறாள் என்று சனம் கதைத்தது. அவர்களுக்கு என்ன தெரியும்?

வைகாசியில் பரிஸ் போனேன். சம்மந்தி வீட்டில்தான் தங்கினேன், நல்ல சனம். கூறை எடுக்க வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரம் வைத்தார்கள், பத்தரைக்கு இராகுகாலம் தொடங்க முன் சேலையில் கை வைத்துவிட வேண்டும் என்று. காரில் ஏறச் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். "எனக்கொரு நேர்த்தி இருக்கு சம்மந்தி, நான் என்ரை பாட்டிலை வாறன்," என்றேன். நேர்த்தி என்றால் எங்கள் ஆட்கள் மேலே கேட்கமாட்டார்கள்தானே. நீ எழுதியபடி ஒரு சொல் பிசகாமல் நடந்து போவதென்று விமானத்திலேயே தீர்மானித்திருந்தேன். உயிரோடு இருக்கும்போது உன் சொல்லை எங்கே கேட்டேன்?

கடுதாசியில் முதல் வரி, "ஒரு கடுதாசியும் கொண்டு போகாதை. பாஸ்போட்டை வீட்டிலை வை." குப்பை போடவும் பாஸ்போட்டோடு போகிறவள் இப்படி எழுதியிருக்கிறாளே என்று யோசித்தேன். முடிச்சுமாறிகளுக்குப் பயந்து எழுதியிருப்பாய் என்று வைத்துவிட்டுப் போனேன். அடுத்தது, "முதல் பாண்கடையிலை நீட்டுப் பாண் ஒண்டு வேண்டு. பையுக்குள்ளை வைக்காதை, கையிலை பிடி. நுனியை முறிச்சுத் தின்." பொன்ஜூர் சொல்லி, பகெத் என்கிற அந்த நீட்டுப் பாணை வேண்டினேன். கடைக்காரி என் உச்சரிப்பைக் கேட்டும் சிரித்த முகமாய்த் தந்தாள். அறுபது வயதில் றோட்டில் பாண் கடித்துக்கொண்டு நடந்தேனடி! யாழ்ப்பாணத்தில் என் அம்மா கண்டிருந்தால் காலை முறித்திருப்பா.

"பெரிய ஸ்ரேசனிலை இறங்காதை. இரண்டு ஸ்ரேசன் முந்தி இறங்கி, வாய்க்கால் கரையாலை நட. வேகமாவும் நடக்காதை, ஆறுதலாவும் நடக்காதை. இரும்புப் பாலத்தடியிலை வாங்கு இருக்கு. இரு. அஞ்சு நிமிசம் காணும்."

வாய்க்கால் தண்ணீர் பாசிப் பச்சையாக இருந்தது. இரும்புப் பாலம் அப்படியே இருந்தது, வாங்கும் இருந்தது. இருந்தேன். அப்போது பார்த்து இரண்டு பொலிஸ்காரர் கரையால் நடந்து வந்தார்கள். என் பாஸ்போட் சம்மந்தி வீட்டு அலுமாரியில் இருக்கிறதென்று அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. நான் என்ன களவா எடுத்தேன்? கனடாக்காரி, கூறை எடுக்கப் போகிறவள். என்றாலும் பாணை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். ஒருத்தன் என் கையைப் பார்த்தான், நுனி முறிந்த பாணைப் பார்த்தான், "பொன் அப்பெத்தி, மதாம்," என்று, நல்லாச் சாப்பிடச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனான். எனக்கு ஏன் கண் கலங்கியது என்று அப்போது தெரியவில்லை.

பிறகு ரெயில் பாதைக்கு மேலால் பாலம், பின்றோட்டு, மதில் ஓரம் என்று வளைத்து வளைத்து நீ எழுதியிருந்தாய். சேலைக்கடை வாசலில் போய் நிற்கும்போது பத்தே முக்கால். இராகுகாலம் பிடித்துவிட்டது. சம்மந்தியம்மா பட்டுச்சேலையில் வாசலில் நின்று றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனுசியின் முகம் என்னைக் கண்டதும் வெளித்தது, கையைக் கண்டதும் மாறியது.

"உதென்ன சம்மந்தி, கூறை எடுக்கப் பாணோடை வந்து நிக்கிறியள்?"

பன்னிரண்டு மணிவரை ஒன்றும் தொட ஏலாது. பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் போய் இருந்தோம். வெட்கத்தோடு உன் கடுதாசியை எடுத்து அவரிடம் நீட்டினேன். என் சிநேகிதி எழுதித் தந்த வழி, கனடாவில் இருந்து வருகிற எல்லோருக்கும் இப்படித்தான் எழுதிக் கொடுப்பவள் என்றேன். சிரித்துக்கொண்டுதான் வாசிக்கத் தொடங்கினார். பாதியில் சிரிப்பு நின்றது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மற்றத் தரமும் வாசித்தார்.

"இது கடைக்குப் போற வழி இல்லை சம்மந்தி."

"அப்ப?"

"விசா இல்லாத ஆக்கள் நடந்த வழி. நான் நடந்தனான், மூண்டு வருசம். பெரிய ஸ்ரேசனிலை மறிச்சுக் கேப்பாங்கள், அதாலை முந்தி இறங்குறது. கையிலை கடுதாசி இருந்தால் எந்த நாடெண்டு தெரிஞ்சு திரும்பப் பிளேன் ஏத்திவிட்டிடுவாங்கள் எண்டு பயம், அதாலை வெறுங்கையோடை போறது. பாண் பிடிச்சால் இஞ்சத்தை ஆள், வீட்டை சாப்பிடப் போகுது எண்டு விடுவாங்கள் எண்டு ஒரு நம்பிக்கை. நுனியைக் கடிக்கவும் வேணும். கடிக்காத பாண் எண்டால் சும்மா வேசத்துக்குப் பிடிச்ச பாண் எண்டு தெரிஞ்சிடுமாம்." சொல்லிவிட்டு என் பாணின் நுனியைத் தொட்டுப் பார்த்தார். "உங்கடை சிநேகிதி தையல் வேலையோ செய்தவ?"

தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. ஆனால் நீ புரட்டிப் பார்த்த சட்டைகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள் வந்தன.

"இந்தப் பின்றோட்டிலை மேல்மாடியளிலை தைச்சனாங்கள். கண்ணாடியிலை கறுப்புக் கடுதாசி ஒட்டியிருக்கும். மழையோ வெயிலோ தெரியாது." பிறகு விரலால் ஒரு வரியைக் காட்டினார். "இதுதான் விளங்கேல்லை. வாங்கு எண்டு எழுதியிருக்கிறா. எங்களிலை ஆரும் வாங்கிலை இருக்கிறேல்லை. இருந்தால் வந்து கேப்பாங்கள். நிண்டால் பிடிபடுவம் எண்டு நடந்துகொண்டே இருப்பம்."

பன்னிரண்டுக்குப் பிறகு போய்க் கூறை எடுத்தோம். குங்குமச் சிவப்பு. மகள் வீடியோ கோலில் இருந்து "நைஸ், நைஸ்" என்றாள். நான் சேலையைப் புரட்டி உள்பக்கத்தைப் பார்த்தேன். கடைக்காரர், "அம்மாவுக்கு விசயம் தெரியும்," என்றார். என்ன தெரியும் எனக்கு? இருபத்திரண்டு வருசம் பக்கத்தில் நடந்தவளைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

பிளேனில் திரும்பும்போது உன்னில் கோபம்தான் வந்தது. சொல்லியிருந்தால் என்ன? எட்டு வருசம் ராசாத்தி மாதிரி இருந்தேன் என்று ஏன் அளந்தாய்? கனடாப் பாஸ்போட்டோடு போனாலும் அந்த றோட்டில் உன் கால் நடுங்கும் என்று ஒரு வரி சொல்லியிருந்தால், அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்திருக்குமோ? என் வீட்டு அழுக்கு முழுக்க உன் முன்னால் கொட்டினேனே, உன் கதையில் ஒரு பிடி எனக்குத் தரக்கூடாதா? பிறகு இன்னொன்றும் யோசித்தேன். கட்டிடத்துச் சனம் முழுக்க, கனடாப் பாஸ்போட்டை வீட்டில் வைத்துவிட்டுப் பாண் பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரையால் நடந்து போயிருக்கிறது, ஏன் நடக்கிறோம் என்று தெரியாமலே! அதை நினைத்துப் பிளேனுக்குள் தனியே சிரித்தேன். பக்கத்துச் சீற் பெட்டை தள்ளி இருந்தாள்.

அந்தச் சிரிப்பும் போன கிழமை போய்விட்டது.

ஆறாம் மாடி அன்ரியைத் தெரியும்தானே, போன வருசம் மருமகளோடு பரிஸ் போய் வந்தவ. கலியாணத்துக்குச் சொல்லப் போன இடத்தில், "அன்ரி, அந்த நெடுவழியிலை உங்கடை கால் என்ன பாடுபட்டிருக்கும்," என்றேன்.

"எந்த நெடுவழி, பிள்ளை?"

"வாய்க்கால் கரை. பாணும் கையுமா."

"உமக்கென்ன விசரே? பெரிய ஸ்ரேசனிலை இறங்கி நேரை நடந்தால் பத்து நிமிசம். அவதானே எழுதித் தந்தவ." எழும்பிப் போய் பிரிட்ஜ் கதவில் காந்தத்தின் கீழ் இருந்த துண்டை எடுத்து வந்து தந்தா. உன் எழுத்து. பெரிய ஸ்ரேசன். வெளியே வரவும். நேரே நடக்கவும். சேலைக்கடை இடது பக்கம். பாஸ்போட் கவனம், கைப்பைக்குள் வைக்கவும். முடிந்தது. பாண் இல்லை, வாய்க்கால் இல்லை, பாலம் இல்லை.

நான் அங்கேயே கதிரையில் இருந்துவிட்டேன். பிறகு மூன்றாம் மாடிக்குப் போனேன், பதினோராம் மாடிக்கும் போனேன். கலியாணக் கார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாட்டுக்குப் போய், பரிஸ் துண்டைக் காட்டுங்கோ என்று கேட்டேன். எல்லாம் அதே பத்து நிமிச வழி. நெடுவழி எனக்கு மட்டும்தான்.

இப்ப சொல்லு. நான் இதை என்னவென்று எடுப்பது? ஒருத்தருக்கும் காட்டாத வழியை எனக்கு மட்டும் எழுதித் தந்திருக்கிறாய். அப்படியென்றால், வாயால் சொல்ல ஏலாததைக் காலால் நடந்து தெரிந்துகொள் என்று தந்தாயா? உன்னோடு பரிஸுக்கு வர ஏலாது, ஆனால் நான் நடந்த வழியால் வா என்று கூட்டிக்கொண்டு போனாயா? இல்லையென்றால், பிள்ளை பெறாதவள் என்று சொன்னவள் அரைநாள் அலையட்டும், அவளின் நல்ல நேரம் பிழைக்கட்டும் என்று ஆத்திரத்தில் எழுதினாயா? இரண்டும் செய்யக்கூடியவள் நீ. உன் குணம் எனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் ஒரு பக்கம் சாய்கிறேன், மறுநாள் மற்றப் பக்கம். அடுத்த மாதம் கலியாணம். கூறையை எடுத்துப் பார்க்கிற நேரமெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. மகளுக்குச் சொன்னேன். "அம்மா, மேபி இற்ஸ் போத்," என்றாள், இரண்டுமாயும் இருக்கலாமாம். அவளுக்கு எல்லாம் லேசு.

நேற்றுப் பின்னேரம் கென்னடி ரோட்டுக்குத் தனியே போனேன். கார்ட் கடைசியில் கோட் பொக்கற்றுக்குள் கிடந்தது. மரக்கறி வேண்டி, பக்கத்தில் ஒரு பாணும் வேண்டினேன். ஏன் வேண்டினேன் தெரியாது, வீட்டில் பாண் இருக்கிறது. நுனியை முறித்துத் தின்றுகொண்டு நடந்தேன். மீன்கடைக்கு முன்னால் முழங்கால் இழுத்தது. பஸ் தரிப்பு வாங்கில் இருந்து, உன் கடுதாசியை எடுத்துத் திரும்பவும் வாசித்தேன்.

இரும்புப் பாலத்தடியிலை வாங்கு இருக்கு. இரு. அஞ்சு நிமிசம் காணும்.

எங்களில் ஆரும் வாங்கில் இருக்கவில்லை என்று சம்மந்தி சொன்னது அப்போதுதான் நெஞ்சில் விழுந்தது. நீயும் இருந்திருக்க மாட்டாய். எட்டு வருசமும் அந்த வாங்கைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நடந்து போயிருப்பாய், கால் உளைந்தாலும். கென்னடி ரோட்டில் கூட உனக்கு இருக்க வரவில்லையே. அந்த வழியில் மற்றதெல்லாம் உன்னுடையது, அந்த ஒரு வரி மட்டும் என்னுடையது. என் இடது முழங்காலுக்கு எழுதினது. அந்தச் சொல்லை உனக்குச் சொல்லி மூன்று கிழமை கழித்து, ஒன்பதாம் மாடியில் தனியே இருந்து, இவளுக்கு நடக்க ஏலாதே, எங்கே இருக்கவிடலாம் என்று யோசித்திருக்கிறாய்.

மன்னித்தாய் என்று இதை எடுக்கலாமா? எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. மற்ற வரிகளை நினைத்தால் குழம்பித்தான் போகிறேன். ஆனால் அந்த ஒரு வரியை நம்புகிறேன்.

ஒன்றை உனக்குச் சொல்லவில்லை. சம்மந்திக்கும் சொல்லவில்லை, பாதை நீளம் என்றுதான் சமாளித்தேன். அன்றைக்கு இராகுகாலம் பிடித்தது உன் நெடுவழியால் இல்லையடி. அந்த வாங்கில் நான் அரை மணித்தியாலம் இருந்துவிட்டேன். பைகளுக்குக் காவலாக ஒருத்தி பக்கத்தில் நின்று, காணும் எழும்பு என்று சொல்லுவாள் என்று, பாணும் கையுமாகப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

நேற்று அஞ்சு நிமிசத்தில் நானாகவே எழும்பினேன்.